ஓரா

அங்கே போன முதல் வாரம்
போனை எடுத்ததும் பெல்லார்மின் சொன்னது
"கியா ஓரா."
காற்று முன்பாதியைத் தின்றுவிட்டது.
"அங்கயும் ஓரா படுதா?
முள்ளு பாத்து எடும், கையுறை உண்டுமா?" என்றேன்.
கடலுக்கு அந்தப் பக்கம்
ஒரு படகு முழுக்கச் சிரித்தது.

கடியபட்டணத்தில் ஓரா என்பது
பாறையிடுக்கில் பாசி மேயும் மீன்.
முதுகில் நிமிர்ந்த விஷமுள்.
குழம்பில் நல்லவன், கூடையில் பகையாளி.
இவர் கயிற்றில் சிப்பி வளர்க்கும் நாட்டில்,
அந்த மண்ணின் ஆதிமக்கள் பேச்சில்,
ஓரா என்றால் உயிர்.
கியா ஓரா என்றால்
உயிரோடிரு, சுகமாயிரு.

காலையில் படகேறும்போது சொல்வார்களாம்.
தேநீர்க் கோப்பையை நீட்டினால்
நன்றிக்கும் அதுதானாம்.
கூட்டத்தில் ஒருவர் நியாயம் பேசினால்
பின்வரிசையிலிருந்து,
ஆமாம் என்பதற்குப் பதிலாய், அதையே.
ஒரே சொல்லை இத்தனை இடத்தில் போட்டால்
தேயாதா என்று கேட்டேன்.
"உப்பு தேயுமா பிள்ளே?" என்றார்.

நான் ஏலக்கணக்கு எழுதுகிறவள்.
சொல்லையும் எடைபோட்டுத்தான் பார்ப்பேன்.
நம்மிடமும் இருந்தது "வாழ்க".
அதைச் சுவர்களுக்குக் கொடுத்தோம்,
கல்யாண பிளக்ஸுக்குக் கொடுத்தோம்,
கோயிலில் மாதாவுக்குக் கொடுத்தோம்.
எதிரே வருகிறவனுக்கு மிச்சம்
"என்ன, சாப்பாடு ஆச்சா?"
நன்றி என்பது
மைக் பிடித்தவன் கடைசியில் சொல்வது.

"உயிரோட இருக்கியா?"
இங்கே அது சண்டையில் வரும் கேள்வி.
ஒரே ஒரு தடவை
சண்டையில்லாமல் கேட்டேன்.
புயலடித்த மூன்றாம் நாள்,
வயர்லெஸ் செட்டின் முன்னால்,
என் தம்பி ததேயுவிடம்.
உயிரோட இருக்கியாலே.
உயிரோட இருலே.
கேள்வி எப்போது கட்டளையானதென்று தெரியவில்லை.
செட்டு கரகரத்தது.
பிறகு பேட்டரி தீர்ந்தது.

போன செவ்வாய், ஐஸ் கம்பெனி வாசலில்,
கணக்கு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கூடையைத் தள்ளியதில்
கட்டைவிரலில் ஏறிவிட்டது முள்.
தோள்வரை தீ.
ஐஸ் உடைக்கிற லக்கிந்தர்,
ஜார்க்கண்டுக்காரன்,
கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான்.
டீக்கடையிலிருந்து சூடுதண்ணீர்.
என் கையைப் பிடித்து முக்கினான்,
வலி இறங்கும்வரை விடவில்லை.
அவன் பேச்சு எனக்கு வராது,
என் பேச்சு அவனுக்கு வராது.
வாயில் வந்தது இது:
"கியா ஓரா."

அவன் நெற்றி சுருங்கியது.
"க்யா, ஓரா?"
அவன் ஊர்ப் பேச்சில் க்யா என்றால் என்ன என்று அர்த்தம்.
என்ன, ஓராவா?
கூடையிலிருந்து ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி
சாட்சி காட்டுவதுபோல் காட்டினான்,
இங்கே வந்து படித்த நாலைந்து தமிழில் ஒன்றைச் சொன்னான்:
"ஓரா."
கை எரிய எரியச் சிரித்தேன்.

ராத்திரி இவரிடம் சொன்னேன்.
பக்கத்திலிருந்த ஹேமி,
படகுக்கு மூத்தவன்,
போனுக்குள் தலையை நீட்டி
"கியா ஓரா கோருவா" என்றான்.
கோருவா யாரு என்றேன்.
"நம்ம ரெண்டுபேரு.
ஒராளுக்கு வேற, மூணு பேருக்கு மேல வேற.
ரெண்டு பேருன்னா மட்டும் கோருவா."
தமிழில் ஒருமை உண்டு, பன்மை உண்டு.
சரியாய் இரண்டு பேர் நிற்க
தனியாய் ஓர் இடம் இல்லை.
கொஞ்சநேரம் நாங்கள் பேசவில்லை,
அந்த இடத்தில் நின்றோம்.

இப்போது காலையில் லக்கிந்தர்
கடப்பாரையை உயர்த்திக் கேட்கிறான்,
"க்யா, ஓரா?"
"ஓரா" என்கிறேன் நான்.
இன்றைக்கு வள்ளங்களில் நெத்தலிதான்.
ஓரா ஒன்றுகூட வரவில்லை.
இருந்தாலும் கேட்டான்.
இருந்தாலும் சொன்னேன்.