முப்பத்து மூன்றாவது பல்

செவ்வாய் மூன்று மணி என்றால்
மத்தி ஏற்றிய லாரி அப்போதுதான் வந்து நிற்கும்.
மதோசின்யோஷ் துறைமுகத்தில்
மீனுக்கு நாள் கிழமை கிடையாது.
தலை கிள்ளி, குடல் உருவி,
டப்பாவுக்கு ஆறாக அடுக்கும் நீள மேசையில்
மூன்று மணிக்கு என் இடம் மட்டும் காலி.

முதல் வாரம் மேற்பார்வையாளர் எவாரிஸ்துவிடம்
பல் வலி என்றேன்.
பொய் சொல்லிப் பழகிய வாய்.
அந்த ஒரு பழக்கம் மட்டும்
என்னோடு சிகிச்சைக்கு உள்ளே வராமல்
வாசலிலேயே நின்றுகொண்டது.

அவர் பதிவேட்டில் "பல்" என்று எழுதினார்.
அடுத்த வாரமும் பல்.
அதற்கடுத்த வாரமும்.
முன்பல்லா, கடைவாயா, என்றாள்
பக்கத்து நாற்காலி கிரசிண்டா.
கடைவாய் என்றேன். பிறகு வேர் என்றேன்.
பிறகு வேருக்கடியில் பழைய சீழ் என்றேன்.
சொல்லச் சொல்ல
அது பொய்யாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

காலை ஆறே முக்காலுக்கு
மீன் சந்தைக்குப் பின்னால் வேன் வரும்.
காகிதக் கோப்பையில் மெத்தடோன்.
குடிக்க அரை நிமிடம்,
வரிசையில் நிற்க இருபது,
தெரிந்த முகம் தென்பட்டால்
ஷூ கட்டுவதுபோல் குனிய இன்னும் கொஞ்சம்.
ஓடிப்போய் டுவார்த்தேயை எழுப்பி,
பாலில் ரொட்டி நனைத்து,
எப்போதும் தொலைந்திருக்கும் அவன் இடது காலுறையைத் தேடி,
எட்டுக்குச் சங்கு.

நேரமே இல்லை என்று
பெனில்டி டாக்டரிடம் சொன்னேன்.
முன்பு எப்படி இருந்தது, என்றார்.

முன்பு
மழையில் பாலம் தாண்டி ஒன்றரை மணி நேரம் நடந்திருக்கிறேன்,
"வருகிறேன்" என்று ஒருவன் சொன்ன ஒரு வார்த்தைக்காக.
மகனின் மூன்றாவது பிறந்தநாள்
பெட்ரோல் பங்கின் கழிப்பறையில் கழிந்தது,
அவன் இல்லாமல்.
அந்த நேரமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று
யாரும் கேட்கவில்லை, நானும்.
இப்போது ஐம்பது நிமிடம் வேண்டுமென்றால்
லாரி, வாடகை, பிள்ளையின் காய்ச்சல்,
எல்லாம் சேர்ந்து முந்தானையைப் பிடிக்காத குறை.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாமென்று
ஒரு வாரம் போகவில்லை.
வெள்ளி இரவு
பழைய எண் ஒன்று தானாக விரல் நுனிக்கு வந்தது.
ஒன்பது இலக்கம்.
எட்டை அழுத்தினேன்.
எட்டோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

போன செவ்வாய், கையுறையைக் கழற்றும்போது
எவாரிஸ்து பதிவேட்டோடு வந்தார்.
"எண்ணிப் பார்த்தேன், லியோந்தினா.
மனிதருக்கு முப்பத்திரண்டுதான்.
இது முப்பத்து மூன்று."

கத்திகள் நின்றன.
கிரசிண்டா ஒரு மீனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல் இல்லை, என்றேன்.
மீதியைச் சொல்ல வாயைத் திறந்தேன்.
ஒன்றும் வராத வாய்க்குள்
அவர் சற்று நேரம் பார்த்தார்,
வைத்தியர் பார்ப்பதுபோல.

பிறகு காதில் செருகிய பென்சிலை எடுத்து
அதே கட்டத்தில் அதே சொல்லை எழுதினார்.
நல்லவர் என்று சொல்ல முடியாது:
சம்பளத்தில் இரண்டு மணி நேரம் பிடித்தார்,
அதையும் பக்கத்திலேயே எழுதினார்.

பேருந்தில் என் அருகில் யாரும் உட்காரவில்லை.
எட்டு நிமிடம் தாமதம்.
பெனில்டி ஜன்னலைத் திறந்துவிட்டு
எதிரே அமர்ந்தார்.
மிச்சம் நாற்பத்திரண்டு.
முழங்கையில் ஒட்டியிருந்த செதில் ஒன்றை
நகத்தால் சுரண்டியே பத்து நிமிடம் போனது.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.

பிறகு,
அந்தப் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்களா என்று
அக்காவிடம் கேட்க வேண்டும், என்றேன்.

எப்போது, என்றார்.

புதன், என்றேன்.
புதன் கிடைக்காது, லாரி இரண்டு வரும்.
வியாழன், என்றேன்.