ஞாயிற்றுக்கிழமைக்குள்

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டுமாம்.
இன்னும் இரண்டு குடும்பங்கள் கேட்கின்றன என்கிறாள் தரகர்ப் பெண்மணி.
எப்போதும் இரண்டுதான்,
மூன்று என்றால் யாரும் நம்ப மாட்டார்களென்று
அவளுக்குத் தெரியும்.

மின்கட்டண உறையின் முதுகில்
சோங்கோர் கணக்குப் போடுகிறான்.
இந்த வீட்டை விற்றால் இவ்வளவு,
வங்கி தந்தால் இவ்வளவு,
பழைய கார் இன்னும் மூன்று குளிர்காலம் ஓடினால் இவ்வளவு.
கூட்டல் சரியாக வருகிறது.
சரியாக வருவதுதான் எனக்குப் பயம்.

புடாபெஸ்ட்டில் எங்கள் கட்டடத்துக்கு நடுவே ஒரு முற்றம்.
நான்கு மாடி, நாற்பது கதவு,
எல்லாம் ஒன்றையொன்று பார்த்தபடி.
காலை ஏழுக்குக் குப்பைத் தொட்டி உருளும்.
எட்டுக்கு யாரோ கம்பளத்தை அடிப்பார்கள்.
பத்துக்கு மேல்மாடி மாணவன்
பியானோவில் அதே நான்கு கட்டைகளில் தடுக்கி விழுவான்.
ஐந்தாவதை நாங்கள் இன்னும் கேட்டதில்லை.

இரவெல்லாம் ஆறாம் எண் டிராம் ஓட்டிவிட்டு
விடியலில் படுக்கும் மனிதன்
இதற்குள் எப்படித் தூங்குவான்?
போன மாதம் பாலத்தின் மேல்
ஒரு கணம் கண்ணைச் செருகியதாம்.
என்னிடம் சொல்லவில்லை,
சூப்பை ஆற்றிக்கொண்டே
சுவரிடம் சொன்னான்.

என் பக்கத்துக் கணக்கு உறையில் இல்லை.
நாடக அரங்கில்
நடிகர் மறந்த வரியை
இருட்டிலிருந்து எடுத்துக்கொடுப்பது என் பிழைப்பு.
திரை விழுவது பத்தரைக்கு.
அந்தப் புறநகருக்குக் கடைசிப் பேருந்து பத்து நாற்பதுக்கு.
இறங்கினால் இருபத்தைந்து நிமிடம் நடை.
நடைபாதை கிடையாது,
அங்கே யாரும் நடப்பதில்லை.

வீட்டைப் பார்க்கப் போன அன்று
பொரோக்கா காலி அறையில் நின்று கத்தினாள்.
முற்றத்தில் கத்தினால்
மூன்று மாடியிலிருந்து திட்டு வரும்,
சிலசமயம் ஒரு மிட்டாயும்.
இங்கே அவள் குரலே திரும்பி வந்தது.
"அம்மா, யாருமே கோபப்படவில்லை" என்றாள்.
அது புகாரா பாராட்டா,
ஏழு வயதிடம் எப்படிக் கேட்பது?

வியாழன் விடியலில் பணிமனை வாசலிலிருந்தே
அவனை அழைத்துக்கொண்டு போனேன்,
ஒரு காலைப்பொழுது அங்கே எப்படி ஒலிக்கிறதென்று கேட்க.
வாதுமை மரத்தடியில் காரை நிறுத்தி
நான் எஞ்சினை அணைத்தேன்.
அவனும் அணைந்துபோனான்.
வாய் பிளந்து, தலை கண்ணாடியில் சாய்ந்து,
சட்டைப்பையில் டிராம் சாவியோடு.

ஆறரைக்குக் கதவுகள் தாமாக மேலேறின.
பதினோரு கார்கள் வெளியேறின.
பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததை இவ்வளவு அருகில்
நான் கேட்டதே இல்லை.
காதுக்குள் என் ரத்தம் ஓடும் ஓசை,
யாரோ பக்கத்து வீட்டில்
குழாயை மூட மறந்ததுபோல.

நாயோடு வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்,
"யாரைத் தேடுகிறீர்கள்?"
போலீஸைக் கூப்பிடும் குரல்.
விரலை உதட்டில் வைத்து
அவனைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தார்.
நாயின் மணியைக் கையால் பொத்திக்கொண்டு
தெருவின் மறுபக்கமாகப் போனார்.

அதை எந்தப் பக்கம் எழுதுவது,
வரவிலா செலவிலா?

நான்கு மணி நேரம்.
கால் மரத்துப்போயிற்று.
சிறுநீர் முட்டியது, போவதற்கு ஒரு காபிக்கடை இல்லை.
கொஞ்சம் அழுதேன்,
அதையும் சத்தமில்லாமல்,
இந்த ஊர் வழக்கப்படி.

விழித்தான். கன்னத்தில் சீட்பெல்ட் தடம்.
திருடி அகப்பட்டவனைப்போல
"தூங்கிவிட்டேனா? மணி என்ன?"
"பத்தரை."

என் முகத்தையே பார்த்தான்,
மேடையில் வரி மறந்தவன்
இருட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதுபோல.
சொல்ல வேண்டியது அவனா நானா?
நாடகப் பிரதி என் கையில் இல்லை.
ஞாயிற்றுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் தூங்கு" என்றேன்.