பத்துக்கு நாலரை

சம்பளம் விழுந்த அடுத்த சனிக்கிழமை
ஒரு பேர்போன கடை.
எனக்கும் ஜெசிந்தாவுக்கும் அதுதான் ஒப்பந்தம்.
காப்புறுதிக் கம்பனியில்
நட்டஈடு கேட்டு வரும் கடிதங்களைச்
சந்தேகப்படச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள்.
கார் எத்தனை வீதம் நொறுங்கியதென்று
படத்தைப் பார்த்தே சொல்வோம்.
புகழை மட்டும் சும்மா விடுவோமா?

சிவப்பு மட்டைக் கொப்பி.
சாப்பாட்டுக்கு ஆறு, விலைக்கு இரண்டு,
கை கழுவும் இடத்துக்கு ஒன்று,
மிச்சமுள்ள ஒன்று
ஜெசிந்தாவின் அன்றைய மனநிலைக்கு.

கொம்பனித்தெருவில் மூன்று தலைமுறைப் புரியாணி.
கோழிக்கால் எங்களைப் போலவே
பஸ்ஸில் நின்று வந்த களைப்பில் கிடந்தது.
கஜு எண்ணினோம். இரண்டு.
ஆளுக்கொன்று, நியாயம்தான்.
ஐந்து.

பம்பலப்பிட்டியில் நெய்த்தோசை
மேசையைத் தாண்டிப்
பக்கத்து மேசைக்காரரின் எல்லைக்குள் போயிருந்தது.
உள்ளே காற்று.
காற்றுக்கும் பத்து வீதம் சேவைக் கட்டணம்.

காலிமுகத்திடல் பக்கம் நட்சத்திர ஹோட்டல் நண்டு.
அந்த விலையில் அவள் மகனுக்கு
ஒரு தவணை டியூஷன் முடியும்.
கழுத்தில் துணி கட்டி
பல் முளைக்காத பிள்ளைகள் போல இருத்தினார்கள்.
ருசி இருந்தது.
அதை எழுதத்தான் மனம் வரவில்லை.
பேனையை மூடித் திறந்து மூடி,
'ஏழரை' என்றாள் ஜெசிந்தா,
'சனியன் பிடித்த விலைக்கு
அதுதான் பொருத்தம்.'

எந்தக் கடையிலும் வெயிட்டர் குனிந்து
'எப்பிடி இருந்தது?' என்றால்
ஒரே குரலில் 'நல்லா இருந்தது' என்போம்.
தலையும் ஆட்டுவோம்.
உண்மையை
பஸ் தரிப்பில் நின்று எழுதுவோம்.

பிறகு வெள்ளவத்தை. மழை.
ஆட்டிறைச்சிக் கொத்து என்றால் அங்கேதான்,
லண்டன்காரர் கட்டுநாயக்காவில் இறங்கி
பெட்டியோடு நேரே அங்கேதான் போவார்கள் என்று
ஆபீசில் சத்தியம் செய்திருந்தார்கள்.
முக்கால் மணிநேர வரிசை, ஒரு குடை,
ஆளுக்கொரு தோள் நனைந்தது.
தகட்டில் இரும்பு கொத்தும் சத்தம்
தெருவரைக்கும் வந்து பசியைக் கிளப்பியது.
சத்தத்துக்கே ஆறு போடலாம்.
தட்டு வந்தது.
எலும்பு மூன்று, இறைச்சி அவற்றின் ஞாபகார்த்தமாக.
உப்போ,
கடல் தண்டவாளத்தைக் கடந்து
குசினிக்குள் வந்துவிட்ட மாதிரி.
'நல்லா இருந்தது' என்றோம்.
நாலரை என்று அங்கேயே எழுதினோம்,
மழைக்குப் பயந்து.
ஓட்டோ வந்த அவசரத்தில்
கொப்பி மேசையிலேயே.

ஞாயிறு நித்திரையில்லை.
திங்கள் பின்னேரம் போனோம்.
கல்லாவில் மர்சூக்,
சட்டைப் பையில் பெயர் குத்தியிருந்தது.
ஒன்றும் பேசவில்லை.
லாச்சியைத் திறந்து கொப்பியை எடுத்து
துணியால் ஒருதரம் துடைத்து நீட்டினார்.

பஸ்ஸில் ஏறித்தான் திறந்தோம்.
எங்கள் எழுத்துக்குக் கீழே
பில் எழுதிப் பழகிய சாய்ந்த எழுத்து:

உப்பு உண்மை. அன்று இரண்டு பேர் போட்டுவிட்டார்கள்.
எலும்பு நாலு. ஒன்றை நீங்கள் எண்ணவில்லை.
பைப்பை உடைத்தது
உங்களுக்கு முன் வந்த கல்யாணக் கூட்டம்.
நண்டுக்கு ஏழரையா?
நான் ஆறுக்கு மேல் தரமாட்டேன்.

வாடிக்கையாளர்:
மழையில் வரிசையில் நின்றதற்கு மூன்று.
தட்டைத் துடைத்துச் சாப்பிட்டதற்கு இரண்டரை.
முகத்துக்கு நேரே சொன்ன பொய்க்குக் கழிக்க ஒன்று.
டிப்ஸ் பற்றி எழுதவில்லை.
மொத்தம், பத்துக்கு நாலரை.

ஜெசிந்தா இரண்டுதரம் கூட்டிப் பார்த்தாள்.
கணக்குச் சரி.
பஸ் பம்பலப்பிட்டி தாண்டும்வரை
யன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.
பிறகு, 'மற்றப் பக்கங்களிலும்
ஏதும் எழுதியிருக்கிறாரா பார்' என்றாள்.

எழுதியிருந்தார்.
தோசைக்கு நேரே: இது சரி.
புரியாணிக்கு நேரே:
கஜு இரண்டுதானா?
வியாழக்கிழமை போங்கள்,
பெரியவர் சமைக்கிற நாள்.

சம்பளத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.
ஜெசிந்தா கைப்பையை மடியில் கவிழ்த்து
சில்லறையை எண்ணத் தொடங்கினாள்.