இரண்டு கோடு போட்டு ரிப்பேர்

லியெபாயாவில் காற்று ஓய்ந்த நாள்
வருஷத்துக்கு ஏழெட்டு இருக்கும்.
இன்று அதில் சேராது.
கடைசி வளைவில் டிராம் கிறீச்சிடுகிறது.
ஜன்னலிடுக்கில் ஒரு சாக்ஸைத் திணித்துவிட்டு
ஐனார்ஸ் கறுப்புத் திரைக்குத் திரும்புகிறான்.

திரையில் ஒரு கடிதம்.
நோல்சோய் தீவு, ரன்வா என்று ஒரு பெண்.
இரவில் மட்டும் கரையேறும் புயற்குருவிகளின் குரலை
கல்லிடுக்கில் மைக் வைத்துப் பதிபவள்.
எட்டு வருஷம். பதினோரு டெராபைட்.

"பிழை, கழித்தல் ஐந்து என்றது உங்கள் கருவி.
கழித்தல் ஐந்து என்றால் எங்கள் தீவில் நல்ல குளிர்.
வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது.
உதவிப் பக்கத்தில் ரிப்பேர் என்று ஒரு சொல் இருந்தது.
பழுது பார்ப்பது நல்லதுதானே?
இரண்டு கோடு போட்டு அடித்தேன்.
உடனே தொடங்கிவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை.
திட்டுவதற்காக எழுதவில்லை.
ஏன் கேட்கவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான்."

ஐனார்ஸுக்குத் தெரியும்.
அந்த வரியை எழுதியவன் அவன்தான்,
இருபத்தாறு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
தெரிந்தவன் மட்டுமே அடிப்பான் என்ற நம்பிக்கையில்.

அந்தக் கோப்பு முறைமை ஒரு மரம்.
தலைகீழ் மரம்: வேர் உச்சியில், இலை அடியில்.
ஒவ்வொரு கிளையும் தன் இலைகளின் எண்ணை
மனப்பாடமாக வைத்திருக்கும்.
எண் பிசகினால் படிக்கிற கருவி நின்றுவிடும்,
அது நல்ல குணம்.
ரிப்பேர் நிற்காது.
பொருந்தாத இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு
மரம் நலம் என்று சொல்லும்.
சொன்னது பொய்யில்லை.
மரம் நலம்.
பறவைதான் இல்லை.

மூன்று வாரம் உட்கார்ந்தான்.
கழித்தல் ஐந்து போயிற்று. அந்த இடத்தில்:
வட்டின் இந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை.
வட்டே பழுதாகியிருக்கலாம், எதையும் எழுதாதீர்கள்.
முதலில் நகல் எடுங்கள். கட்டளை கீழே.

நாற்பது ஜிபி காலி என்று ஒரு கட்டளையும்
இடமே இல்லை என்று இன்னொன்றும்
ஒரே வட்டைப் பற்றி, ஒரே நிமிடத்தில்
பிறழ்சாட்சிகள் போலச் சொல்லிவந்தன.
இரண்டையும் கூண்டில் ஏற்றினான்.
ஒன்று தரவின் இடத்தை எண்ணியதாம்,
மற்றது தரவைப் பற்றிய குறிப்புகளின் இடத்தை.
எந்த இடம் என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

செகெதிலிருந்து ஜோம்போர் சீறினான்:
"கருவி ஆயா வேலை பார்க்கக் கூடாது.
ஆணிதானே இது என்று சுத்தியல் கேட்குமா?
என் ஸ்கிரிப்ட் இருநூறு எந்திரங்களில் இரவில் ஓடுகிறது,
உன் கேள்விக்கு அங்கே யார் பதில் சொல்வது?"

நியாயம். அதுதான் எரிச்சல்.

பதினேழு முறை திருத்தி அனுப்பினான்.
ஐந்தாவதில் பத்திலிருந்து பின்னோக்கி ஓர் எண்ணிக்கை.
ஒன்பதாவதில் ஸ்கிரிப்டுகளுக்குத் தனி வாசல்.
பதினொன்றில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போய்
எல்லோர் முன்னும் மானம் போனது.
பதினேழுக்கு ஜோம்போரின் பதில் ஒரே வரி:
"சரி. நாலாம் வரியில் எழுத்துப்பிழை."

வழு உண்டு, வழுவமைதி உண்டு,
இலக்கணம் மன்னித்துவிட்ட பிழைகள்.
வட்டுக்கு இலக்கணம் தெரியும்.
மன்னிக்கத் தெரியாது.

தோண்டித் துழாவியதில்
மூன்றாம் வருஷமும் ஏழாம் வருஷமும் மீண்டன,
அங்கங்கே பொத்தலோடு.
ரன்வா நாற்பது வினாடி ஒலி அனுப்பினாள்.
கல்லுக்கடியில் ஏதோ உறுமுகிறது,
உறுமலின் கடைசியில் ஒரு விக்கல்,
அப்புறம் வெட்டினாற்போல் நிசப்தம்.
விக்கல் பறவையுடையது.
நிசப்தம் என்னுடையது என்று
அவன் பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தான்.

புதிய பதிப்பு வெளியான இரவு
தன் பழைய மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தான்.
இரண்டு கோடு, ரிப்பேர்.
நகல் இருக்கிறதா?
அவன் எழுதிய அதே சொற்கள், அதே கேள்விக்குறி.
ஜன்னலிலிருந்து சாக்ஸ் கழன்று விழுந்தது.

இருக்கிறது என்று அடித்தான்.
இல்லை.

பத்து, ஒன்பது, எட்டு என்று
எண்ணத் தொடங்கியது
அவனை நம்பிவிட்ட கருவி.