சாம்பல் மூடி

காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே
படிக்கட்டில் வெறும் வயிற்றோடு பதினோரு பேர்.
அயனாவரம் சிக்னலுக்கு இந்தப் பக்கம்
கீழே டீக்கடை, மேலே எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையம்.
கட்டடக்காரர் தெரிந்தேதான்
இரண்டுக்கும் சேர்த்து வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"சர்க்கரை இருக்கா?"
நான் கேட்டால் நோய்.
மளிகைக் கடையில் கேட்டால் பண்டம்.
இருக்கு என்று தலை குனிகிறவர்களும்
இல்லை என்று தலை குனிகிறவர்களும்
இந்த ஊரில் ஒரே ரேஷன் வரிசையில் நிற்கிறார்கள்.

சாம்பல் நிற மூடி போட்ட குழாய், சர்க்கரைக்கு.
நாளுக்கு அறுபது போகும்.
பேர், வயசு, மணி எழுதி ஒட்டுகிறேன்.
சர்க்கரை என்று எழுதி நக்கினால் இனிக்குமா என்பார்கள்.
பதினாலு வருஷமாக எழுதுகிறேன்.

முதல் ஊசி முடிந்ததும்
சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள் என்போம்.
அந்த இரண்டு மணி நேரத்தில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.
லோகோ ஒர்க்ஸில் ஓய்வுபெற்ற எத்திராஜுலு
டப்பாவில் வெள்ளரிக்காய் கொண்டுவருவார்.
வருஷத்தில் நான்கு நாள் வெள்ளரிக்காய்.
மீதி நாள் கதையை
ஊதா மூடிக் குழாய் சொல்லிவிடும்,
மூன்று மாதக் கணக்கோடு,
எதிர்வீட்டுக்காரி மாதிரி.
மீன் விற்கும் பவுனு
"டீல சக்கரையே போட்டுக்கறதில்ல கண்ணு" என்பாள்.
கையில் என்ன?
"பன்னு. அது சாப்பாடுதானே."

என் வீட்டிலும் ஒரு வைத்தியர் உண்டு,
படித்தது செல்போனில்.
போன ஆடியில் ஒரு ராத்திரி
அஸ்கா டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்தார்.
வெள்ளை விஷமாம்.
மறுநாளே நாட்டுச் சர்க்கரை வந்தது,
ஓலைப் பெட்டியில், மூன்று மடங்கு விலையில்.
ரத்தத்துக்கு நிறம் பார்க்கத் தெரியாதுங்க என்றேன்.
பேசவில்லை.
அன்று ராத்திரி நாலு பரோட்டா, சால்னாவோடு,
துளி விஷமில்லாமல்.

விஷமா என்று என்னைக் கேட்டால்
வெறும் வயிற்றில் ஒன்று சொல்வேன்,
சாப்பிட்ட பின் வேறொன்று.
இரண்டு விரல் எடுத்த காலோடு
படியேறி வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.
எழுபத்தொன்பது வயதில்
தீபாவளி அதிரசம் அத்தனையும் தின்றுவிட்டு
நூற்றுப்பத்து காட்டிச் சிரித்தவரையும்.

போன செவ்வாய்க்கிழமை
டோக்கன் முப்பத்திரண்டு என்றேன், எழுந்திருக்கவில்லை.
ஓட்டேரி ஜமீலா பேகம்.
புடவை முழுக்க வேர்வை, மேலே ஏசி ஓடுகிறது.
இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினியாய் வந்திருக்கிறாள்.
வெறும் வயிறு என்று சொல்லியிருந்தோம்.
ஊசியை நிறுத்து என்று
எங்களில் யாரும் சொல்லவில்லை.

சன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.
டீ மாஸ்டர் டப்பாவோடு நாலு நாலு படியாய் ஏறி வந்தார்.
தண்ணீரில் ஆறு ஸ்பூன்.
கன்னத்தைத் தட்டித் தட்டி
வாய் வாயாய் விழுங்கவைத்தேன்.
பெஞ்சில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
யாருக்கெல்லாம் அது ஆகாதோ அவர்கள்.
எத்திராஜுலு டப்பாவை மூடினார்.

கண் திறந்து
உதட்டைச் சப்பி
ஜமீலா முதலில் சொன்னது:
"இனிப்பா இருக்கேம்மா,
எனக்கு ஆகாதே."

அவள் குழாயில் என்ன எழுதுவது?
வெறும் வயிறும் இல்லை,
சாப்பிட்ட பின்பும் இல்லை.
நாளைக்கு வாங்க, ஊசி போடாம என்று
சீட்டின் பின்பக்கம் எழுதி
அவள் மகன் சட்டைப்பையில் வைத்தேன்.

பத்தரைக்குக் கீழே இறங்கினேன்.
"வழக்கம்போலவா?"
வழக்கம் இரண்டு ஸ்பூன்.
அரை சக்கரை என்றேன்.
மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
நன்றாக இல்லை, குடித்துவிட்டேன்.

காலையில் ஓடி வந்தபோது
படியெல்லாம் சிந்தியிருந்தது போல.
சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது
எறும்புகள்,
கீழிருந்து மேல்வரை,
டோக்கன் வாங்காமல்
ஒழுங்கான வரிசையில்.