கிணற்றுக் கணக்கு

புதுப்பேட்டை, டயர்க்கடைகளுக்குப் பின்சந்து,
கதவு எண் பதினேழு.
ஆனியில் இந்தக் கிணற்றில்
பன்னிரண்டு கம்பூசியா மீன் விட்டேன்.
பையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தது
இன்னும் நாக்கில் பாசிவாடை.

ஆவணியில் நாற்பது.
ஐப்பசி பிறக்கும்போது அறுபத்துச் சொச்சம்.
டார்ச் அடித்தால் மேலே வரும், எண்ணிவிடலாம்.
அப்புறம் ஏறவில்லை.

சூப்பர்வைசர் ஏகாம்பரம் கேட்கிறார்,
யாராவது மருந்து கொட்டினார்களா?
இல்லை சார்.
பூனைகூட எட்டிப் பார்ப்பதில்லை.
உச்சியில் அரைமணி நேரம்
தட்டு அகலத்துக்கு வெயில் விழுகிறது.
அந்த வெயிலுக்கு எவ்வளவு பாசியோ
அவ்வளவு பாசி.
கொசுப்புழு தீர்ந்த நாளில்
தாய்மீன் மெதுவாகத் திரும்பித்
தன் குஞ்சைப் பார்க்கிறது.
ஒரு தடவை நானும் பார்த்தேன்.
ரிஜிஸ்டரில் அதற்குக் கட்டம் இல்லை.

முன்பக்கம், டயர்களுக்குள், வேறு சட்டம்.
ஒரு டம்ளர் மழைத்தண்ணீரில்
நூறு, இருநூறு, நெளிகிறது.
எட்டு நாள் காயாமலிருந்தால் பறந்துவிடும்.
ஆறாம் நாள் வெயில் ஏறினால்
ரப்பரில் ஒட்டிய கறுப்புப் பொருக்கு,
நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.

நான் கண்ணகி நகரிலிருந்து
முதல் பஸ்ஸில் வருகிறவள்.
மூன்றாம் மாடி, ஒரே அறை, ஆறு பேர்.
லாரித் தண்ணீர் குடத்துக்கு டோக்கன்.
மருமகள் ஸ்டெல்லா
"இப்போ வேணாம் அத்தை" என்றாள்,
சுவரைப் பார்த்தபடி.
நானும் அந்தச் சுவரைத்தான் பார்த்தேன்.

கார்த்திகைப் புயலில் கிணறு நிறைந்து
சந்தோடு ஒன்றானது.
மீன்கள் படி தாண்டி
ஆட்டோ சக்கரங்களுக்கு நடுவே நீந்தி
வடிகால் வழியாகக் கூவத்துக்குப் போயின.
போகட்டும், அங்கே சுவர் இல்லையே என்றுதான்
நானும் நினைத்தேன்.

நாலாம் நாள் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தடியில்
வாயை மட்டும் மேலே நீட்டிக்
காற்றைக் கொத்திக்கொண்டிருந்தன ஏழெட்டு.
பக்கத்திலேயே கொசுப்புழுக்கள்,
தலைகீழாய்த் தொங்கி, வாலால் மூச்சுவிட்டபடி,
சௌக்கியமாய்.
அத்தனை தண்ணீர்,
மீனுக்கு ஒரு மூச்சுக்குக் காணவில்லை.

இன்று பதினேழாம் எண்ணில் வெள்ளம் இறங்கியிருந்தது.
ரொம்ப நேரம் டார்ச் அடித்தேன்.
நான்கு.
இரண்டுக்கு வயிற்றோரம் கறுப்புப் புள்ளி,
சினை.
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு
பென்சிலால் எழுதினேன்:
நான்கு.