மூன்று பிரதிகள்

வர்த்தமானியில் எங்கள் ஒழுங்கை வந்த அன்று
பத்து மணிக்குள் இரண்டு றீம் தாள் முடிந்தது.
"மூண்டு பிரதி, தங்கச்சி" என்றார்கள் எல்லாரும்.
ஆட்சேபிக்கிறவருக்கும் மூன்று,
மானியம் கேட்கிறவருக்கும் மூன்று.
பக்கம் பத்து ரூபாய்.
மரபுரிமை வலயத்தால் முதலில் உழைத்தவள்
நான்தான், ஒளிப்பதற்கில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி: கட்டடத்தின் வயது?
மூலை இரும்புக் கடை நிஸ்தார் நானா
"தொண்ணூறில மூடினது,
ரெண்டாயிரத்து மூண்டில திறந்தது,
இடையில எத்தின வயசெண்டு நீரே எழுதும்" என்றார்.
கட்டம் இரண்டு அங்குலம்.
நூற்றிமுப்பது என்று எழுதிக் கொடுத்தேன்.
கையெழுத்து மட்டும் அவருடையது.

பிறகு நாடாவும் தொப்பியுமாக ஆட்கள் வந்தார்கள்.
என் கடையின் பக்கச் சுவர் முருகைக்கல், சுண்ணாம்பு.
நடுவில் பாய் அகலத்துக்குச் சீமெந்து.
செல் விழுந்த இடம். இருபது வருடத்துக்கு முன்
யாரோ அவசரத்தில் அப்பிய ஒட்டு.
"இது பொருந்தாது, அகற்றவேணும்" என்றாள் அந்த உத்தியோகத்தர்.
அகற்றினால் ஓட்டை தெரியுமே?
"ஓட்டை இருக்கலாம் அக்கா. சீமெந்துதான் கூடாது."
சொல்லிவிட்டு அவளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
பிளேன்ரீ கொடுத்தேன். சீனியில்லாமல் குடித்தாள்.

சுண்ணாம்புச் சாந்து பூச ஆள் வெளியூரிலிருந்து வரவேணும்,
நாட்கூலி என் மூன்று நாள் வியாபாரம்.
நாற்பது வீதம் அரசாங்கம் தரும்,
சொந்தக்காரருக்கு.
வாடகைக்காரர் என்றொரு சொல்
படிவத்தின் நாலு பக்கத்திலும் இல்லை.
எனக்குத் தெரியாதா,
நானூறு தடவை அதைக் கண்ணாடிமேல் கவிழ்த்தவள்.

பொய்யும் சொல்லக்கூடாது.
முப்பது வருடம் மனுக்கொடுத்தும் வராத வடிகால்
மூன்று கிழமையில் வந்தது.
மாரியில் இந்தமுறை என் மெசினைக்
கதிரைக்குமேல் தூக்கி வைக்கவில்லை.
குருநகர்ப் பெட்டையள் நாலுபேருக்கு
புது விடுதியில் சம்பளத்தோடு சேமலாப நிதியும் உண்டு.
பொறி பறக்குதென்று றெஜினோல்டின் வெல்டிங் பட்டறையை மூடினார்கள்.
அவர் மகன் இப்போது ஓட்டோவில் வெள்ளைக்காரரை ஏற்றி
அப்பன் ஒரு கிழமை உழைத்ததை இரண்டு நாளில் உழைக்கிறான்.
அப்பன் பூட்டிய பட்டறைக்கு முன்னால் நின்று
விடுதியின் புதுக் கேற்றைப் பார்க்கிறார்.
கொழும்பில் ஒட்டினதாம்.
"பிணைச்சல் சரியில்லை" என்கிறார், யாரும் கேட்காமல்.

சொந்தக்காரர் ஸ்காபரோவிலிருந்து எடுத்தார்.
திரையில் அவருக்குப் பின்னால் பனி.
"நல்ல விசயம் பிள்ளை, எங்கட ஒழுங்கைக்கு
இப்பதான் ஒரு மதிப்பு வந்திருக்கு."
ஓம் என்றேன்.
மதிப்பு பதினெட்டாயிரத்திலிருந்து நாற்பத்தைந்தாயிரமாம்,
தையிலிருந்து.

சீமெந்தைக் கொத்திய மறுநாள்
கழுத்தில் கமரா தொங்க ஒருவன் வந்தான்.
ஓட்டைக்குள்ளால் தெரிந்த என் தாள் அடுக்கையும்
மின்விசிறியையும் படம் எடுத்தான்.
அதையே கலரில் அடித்துத் தரமுடியுமா என்றான்.
நூற்றைம்பது ரூபாய். மிச்சம் வேண்டாம் என்றான்.
என் சுவரின் ஓட்டை என் மெசினுக்குள்ளிருந்து
சூடாக வெளியே வந்தது.
வடிவாகத்தான் இருந்தது. அதுதான் கோபம்.

அன்றிரவு கடை பூட்டியபிறகு
நானும் ஒரு கடிதம் எழுதினேன்.
ஆட்சேபமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை.
வாடகைக்காரருக்கு ஒரு வரி சேருங்கள், அவ்வளவுதான்.
மூன்று பிரதி எடுத்தேன்.
முப்பது ரூபாயை மேசை லாச்சிக்குள் போட்டேன்,
கணக்குக் கணக்காக இருக்கட்டும்.

மூன்றாவது பிரதியில் எழுத்து மங்கல்.
ரோனர் வாங்கவேணும்.
ஒன்று வாங்கினால் ஆறுமாதம் போகும்.
தைக்கு இன்னும் இரண்டு மாதம்.